முந்தித் திரும்பும் கை

வளைவு வருவதற்கு முன்பே மிஸ்ஸி ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கிவிடுவார். அவருடைய பழைய ஒஸ்டின் காரில் முதல் தடவை ஏறியவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் உயிர் போகப்போகிறதென்று கலிமாச் சொல்லியிருக்கிறார்கள். கார் நேரே போய்க்கொண்டிருக்கும், அவருடைய கையோ கால் வட்டம் சுற்றி முடித்திருக்கும். வளைவு வந்து சேரும்போதுதான், தூக்கத்திலிருந்து எழும்பியவனைப் போல முன் சில்லு மெல்லத் திரும்பும். கார் ஒழுங்காக வளைந்து போகும். மிஸ்ஸி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார்.

மிஸ்ஸி என்பது பெயரல்ல. கல்முனைப் பக்கம் அரசாங்க மருத்துவமாதுகளையும் தாதிமாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது, ஆனால் அது அடையாள அட்டையை விட்டு வெளியே வந்ததில்லை. ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவர் என்பதால் பென்ஷன் எடுத்த பிறகும் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான். என்னையும் அவர்தான் எடுத்தார். என் கராஜில் நான் ஏதாவது எதிர்த்துக் கதைத்தால் உடனே அதை ஞாபகப்படுத்துவார்.

“காலை முந்திப் போட்டு வந்தவன் நீ. அண்டைக்கே சொல்வழி கேக்கல்ல. எனக்குப் படிப்பிக்க வராத மனே.”

தலை நரைத்த ஒரு மெக்கானிக்கிடம், வேலைக்கு வந்தவர்கள் நாலு பேர் நிற்கும்போது சொல்கிற கதையா இது? மிஸ்ஸி சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். நான் ஸ்பானரைத் தேடுவதுபோலக் காருக்கு அடியில் போய்விடுவேன்.

முந்துவது அவருடைய குணம். கல்யாண வீட்டுக்குக் கதிரை ஏற்றிய லொறி வருவதற்கு முன் அவர் வந்துவிடுவார். கவிழ்த்து வைத்த சோற்றுக் கிடாரத்தின்மேல் அவர் உட்கார்ந்திருக்க, சமையல்காரர்கள் அவரைச் சுற்றி வெங்காயம் உரித்ததை நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை கல்யாணத்துக்கு முதல் நாளே போய் நின்றார். நாளை மறந்துவிட்டீர்களா மிஸ்ஸி என்று பெண் வீட்டார் சிரித்தபோது, “நாளைக்குச் சனம் கூட. இண்டைக்கே பொண்ணப் பாத்திட்டுப் போறன்,” என்று ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுத் திரும்பினார். நோன்பு திறப்பதில் மட்டும்தான் அவர் யாரையும் முந்தியதில்லை.

கேள்விக்குப் பதிலும் அப்படித்தான். “மிஸ்ஸி, இந்த பிரேக்...” என்று வாயைத் திறந்தால் “வேணாம்” என்பார். “அதில்ல மிஸ்ஸி, ஒயில்...” என்றால் “ஓம், மாத்து” என்பார். நான் கேட்க வந்தது வேறு ஏதாவதாக இருக்கும். இப்படி எத்தனை தடவை எனக்குக் கோபம் ஏறியிருக்கிறது என்று சொல்ல முடியாது. பிறகு யோசித்துப் பார்த்தால், மாற்றச் சொன்ன ஒயில் உண்மையிலேயே மாற்ற வேண்டியதாக இருக்கும். அந்தக் கோபம் வேறு.

எங்கள் உம்மா சொல்வார், அந்தக் காலத்தில் வலி கண்டவளின் வீட்டிலிருந்து சைக்கிளில் ஆள் அனுப்பினால், அனுப்பிய ஆள் வழியிலேயே மிஸ்ஸியைச் சந்திப்பாராம். அவர் ஏற்கெனவே புறப்பட்டு வந்துகொண்டிருப்பாராம். அது எப்படி என்று ஒருநாள் மிஸ்ஸியிடம் கேட்டேன். “நாலு நாளைக்கு முந்தி வயித்தப் பாத்தாத் தெரியும் மனே. வலி வந்த புறகு போறதெண்டா அது மருத்துவம் இல்ல, சுகம் விசாரிக்கப் போறது,” என்றார்.

இந்தக் குணம் எல்லாருக்கும் பிடித்தது என்று சொன்னால் பொய். சாய்ந்தமருதில் ஒரு பெரியவர் இன்றோ நாளையோ என்று கிடந்தார். மிஸ்ஸி கேள்விப்பட்டுப் போனவர், வாசலிலேயே அந்த மனிதரின் மனைவியைக் கட்டிப்பிடித்து, “சபூர் செய்ங்க, பொறுத்துக்கங்க. தந்தவனே எடுத்திட்டான்,” என்றிருக்கிறார். உள்ளே இருந்து “ஆரு அது?” என்று குரல் வந்தது. கேட்டவர் அந்தப் பெரியவர்தான். அவர் எழும்பி நடந்து, அதற்குப் பிறகும் பல நோன்பு பிடித்தார். மிஸ்ஸியின் கார் போனால் கையைத் தட்டி நிறுத்தி, “நான் இன்னும் இரிக்கன் மிஸ்ஸி,” என்று ஸலாம் சொல்வார். மிஸ்ஸிக்கு வெட்கமே இல்லை. “சொன்ன ஆறுதல் வீண் போகாது. ஊட்டில எடுத்து வைக்கச் சொல்லுங்க,” என்பார்.

ஊரில் சிலர் அவர் காரைத் தங்கள் ஒழுங்கைக்குள் கண்டால் பயந்ததும் உண்டு. எதற்கு வருகிறார் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது பாருங்கள்.

கார் அவருடைய வாப்பாவுடையது. முன் சீட் பெஞ்சைப் போல ஒரே நீட்டு வாங்கு, கியர்த்தடி ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டியிருக்கும். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு மிஸ்ஸி அதை எடுத்து ஓட்டத் தொடங்கினார். பொம்பிளை கார் ஓட்டுவதா என்று அப்போது கதைத்தவர்களின் வீடுகளுக்கும் அதே காரில்தான் பிரசவத்துக்குப் போனார். பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. ஸ்டீயரிங் தேய்மானம் ஒரே நாளில் வந்ததில்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்வு கூடியது, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மிஸ்ஸியும் முந்தித் திருப்பினார். நேர் ரோட்டில் கார் அலையாமல் இருக்க, தொட்டில் ஆட்டுவதுபோல ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருப்பார். பிரேக்கைப் பார்க்க விடுவார், கிளச்சைப் பார்க்க விடுவார். ஸ்டீயரிங்கில் கை வைக்க மட்டும் என்னை விட்டதில்லை. அது தன் கைக்குப் பழகிவிட்டது என்பார்.

அந்த மிஸ்ஸி ஒருநாள் நான் கராஜ் கதவைத் திறக்க முன்பே வாசலில் வந்து காரை நிறுத்திக்கொண்டு இருந்தார்.

“ஸ்டீயரிங்கச் சரியாக்கித் தா மனே. எள்ளுப்போலயும் ஆடப்படாது. மாரி தொடங்க முந்தி வேணும்.”

காரணத்தையும் அவரே சொன்னார். அவருடைய தங்கச்சியின் மகள் சவளக்கடை என்ற ஊரில் இருந்தாள். மிஸ்ஸிக்குக் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவள்தான் எல்லாம். அவளுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கிய பிள்ளை உயிரோடு வரவில்லை. இப்போது மூன்றாவது. ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. மழை பிடித்தால் ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்டிருக்கும் கிட்டங்கித் தாம்போதி ரோட்டின்மேல் தண்ணீர் ஏறிவிடும். அதைத் தாண்டித்தான் சவளக்கடையிலிருந்து கல்முனைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் சம்மாந்துறைப் பக்கமாக, குண்டும் குழியுமான ரோட்டில் ஊரைச் சுற்ற வேண்டும். தண்ணீர் ஏறுவதற்கு முன் அவளைத் தன் காரில் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருக்கும் தன் வீட்டில் வைத்துக்கொள்வது மிஸ்ஸியின் திட்டம். அவளும் பெரியும்மாவின் காரைத் தவிர வேறொன்றிலும் ஏறமாட்டேன் என்று நின்றாளாம்.

அடுத்த நாள் அவளுடைய மாப்பிள்ளை என்னைத் தேடி வந்தான். மருதமுனைப் பிள்ளை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான், அப்படிச் சவளக்கடைக்குப் போனவன். மிஸ்ஸி இல்லாத நேரம் பார்த்து வந்து, கழற்றி வைத்த சில்லின்மேல் உட்கார்ந்தான்.

“காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான். “ஒரு உதவி. இது சரிவராது, சாமான் எடுக்க ஏலாதெண்டு சொல்லிடுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்ட கராஜில சரிவராதெண்டு ஆரு சொன்ன?” என்றேன்.

“நீங்க கோவிக்கப்படா. மிஸ்ஸி ஓட்டுறத நீங்க பாத்திருக்கீங்க. அந்தத் தாம்போதியில ரெண்டு பக்கமும் தண்ணி. ரெண்டு தரம் நான் கபுறடிக்குப் போனவன் காக்கா. வெள்ளத்துணியில சுத்தி, இந்தக் கையில வச்சிக்கிட்டு. இன்னொருக்கா என்னால ஏலா.”

அவன் அழவில்லை. கையை விரித்து ஒருதரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். இரண்டாவது தடவை மிஸ்ஸி அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழும்பினாராம். டாக்டர் சொல்ல முன்பே அதிலேயே வீட்டுக்கு விளங்கிவிட்டதாம். அதற்குப் பிறகு மிஸ்ஸியின் கார்ச் சத்தம் கேட்டாலே தான் பின்வாசலால் வெளியே போய்விடுவதாகச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் வாக்குக் கொடுக்காமல் அனுப்பினேன். பயப்பட ஒன்றுமில்லாத அளவுக்கு அந்த ஸ்டீயரிங்கை இறுக்கிக் கொடுப்பதுதான் இரண்டு பேருக்கும் நான் செய்யக்கூடியது என்று எனக்குப் பட்டது.

கழற்றுவது லேசாக இருக்கவில்லை. அந்தக் காரில் ஸ்டீயரிங் தண்டும் அதன் அடியில் இருக்கும் பெட்டியும் ஒரே உடம்பு. சில்லைத் திருப்பும் இரும்புக் கையைக் கீழே விடுவித்து, மேலே ஹோர்ன் வயரை உருவி, கியர்த்தடியைப் பிரித்து, முழு நீளத்துக்கும் ஆளை வெளியே எடுக்க வேண்டும். மிஸ்ஸி பிளாஸ்டிக் கதிரையைக் காருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு டோர்ச் பிடித்தார். நான் எந்த ஸ்பானர்ச் சாவியைக் கேட்கப்போகிறேனோ அதை முந்தி எடுத்து நீட்டுவார். பாதித் தடவை பிழையான சாவி.

தண்டை இழுத்தபோது மேல் வாயில், தண்டைத் தாங்கும் புஷ் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துப்போன துணிச்சுருள் ஒன்று வந்தது. முகர்ந்து பார்த்தேன், வஸ்லின்.

“என்ன மிஸ்ஸி இது?”

“புண்ணுக்குக் கட்டுற கோஸ். நான்தான் சுத்தின. கடகடவெண்டு சத்தம் போட்டிச்சி. ரத்தத்த நிப்பாட்டுது, இத நிப்பாட்டாதா?”

நிறுத்தித்தான் இருக்கிறது, பல வருடம். தண்டின் அடியில் திருகுபோல வரி வெட்டிய துண்டு நடுப்பகுதியில் தேய்ந்து வழவழத்திருந்தது. நேர் ரோட்டில் ஓடும்போது உராய்வது அந்த இடம்தான். நேருக்கு இறுக்கினால் வளைவில் பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு விட்டால் நேரில் ஆடும். அதனால் இறுக்கிச் சமாளிக்கிற வேலையை விட்டுவிட்டு, பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் தெரிந்தவர் மூலம் பழைய சாமான்களுக்குள் தேடித் தேயாத துண்டு ஒன்றை எடுப்பித்தேன். புஷ்ஷைக் கடைசல்காரரிடம் அளவு கொடுத்துப் புதிதாகக் கடைவித்தேன். எல்லாம் பூட்டி முடிந்து, காரை ஜாக்கியில் ஏற்றி விரலால் ஸ்டீயரிங்கைத் தொட்டேன். விரல் அசைந்ததும் சில்லும் அசைந்தது. சும்மா சொல்லக்கூடாது, நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று.

மிஸ்ஸி ஏறினார், ஸ்டார்ட் செய்தார், கராஜ் வாசலிலிருந்து பிரதான வீதிக்குத் திரும்ப வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே கையைச் சுற்றினார். கார் அந்தக் கணமே திரும்பியது. ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குமேல் போட்டிருந்த கொங்கிரீட் துண்டில் ஏறி என் பெயர்ப்பலகைத் தூணில் போய் முட்டியது. தூண் சாய்ந்தது, முன் மட்கார்ட் நெளிந்தது, தேத்தண்ணிக் கடையிலிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள்.

மிஸ்ஸி இறங்கி மட்கார்டைத் தடவிப் பார்த்தார்.

“என்ட கை முந்திட்டு,” என்றார். பிறகு, “பழையபடி ஆக்கித் தா.”

“என்ன?”

“ஆட்டத்தப் போட்டுத் தா. அதோட நான் ஒருநாளும் ஒண்டிலயும் முட்டினதில்ல.”

அது உண்மைதான். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தெரிஞ்சிக்கிட்டே ஸ்டீயரிங்க லூசாக்கச் சொல்றீங்களா? புள்ளத்தாச்சிய ஏத்தப்போற காருக்கு? வேற ஆளப் பாருங்க மிஸ்ஸி. நான் செய்யன்.”

காலை முந்திப் போட்டு வந்தவன் என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. தூணை நிமிர்த்தி நானும் அவருமாகக் கல் வைத்து இறுக்கினோம்.

அதற்குப் பிறகு தினமும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரைத் திடலில் மிஸ்ஸி கார் ஓட்டப் பழகினார். நான் இரண்டு தார்ப் பெரல்களை நிறுத்தி வைத்தேன். அவர் அவற்றைச் சுற்றிச் சுற்றி வருவார். கை முந்தும்போதெல்லாம் தன் கையையே ஏசுவார். “சும்மா கெட. இன்னும் வரல்ல,” என்பார். கரைவலைக்காரர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சில நாட்களில் பெரலைத் தொடாமல் வளைத்தெடுக்கத் தொடங்கினார். எனக்கும் நம்பிக்கை வந்தது. திடல் அகலம், எதிரே வருவதற்கு ஒன்றுமில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

மழை இரண்டு நாள் இறங்கியது. அடுத்த காலை மிஸ்ஸி என்னை ஏற்றிக்கொண்டார். “தாம்போதிய ஒருக்காப் பாத்திட்டு வருவம்,” என்றார். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். தண்ணீர் இன்னும் ரோட்டில் ஏறவில்லை, ஆனால் விளிம்போடு முட்டி நின்றது. மிதக்கும் ஆற்றுவாழைச் செடி பச்சையாக ஒதுங்கிக் கிடந்ததால், எது தரை எது தண்ணீர் என்று தெரியவில்லை. மிஸ்ஸி ரோட்டின் நடுவால் ஓட்டினார். கை ஆடவில்லை. பாதித் தூரம் போனதும் எதிரே பெட்டி பூட்டிய உழவு மெசின் ஒன்று வந்தது. அது இன்னும் தூரத்தில்தான் இருந்தது. மிஸ்ஸியின் கை முந்திவிட்டது.

என் பக்கக் கதவுக்குக் கீழே ரோடு இல்லாமல் போனதைக் கண்டேன். எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தேன். சில்லு விளிம்புக் கல்லில் உராய்ந்து திரும்பவும் ரோட்டுக்கு வந்தது. மெசின்காரர் எங்களைக் கடக்கும்போது மிஸ்ஸிக்குக் கை உயர்த்தி ஸலாம் சொன்னார். நடந்தது எதையும் அந்த மனிதர் கவனிக்கவில்லை.

அக்கரையில் மிஸ்ஸி காரை ஓரங்கட்டி நிறுத்தினார். சாவியைத் திருகி அணைத்தார். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தார்.

“நீ இரிந்தாய், எட்டிப் பிடிச்சாய். அவள் இந்த இடத்தில இரிந்தா வயித்தையெல்லோ பிடிப்பாள்,” என்றார். “இறங்கு மனே. நீ வந்து ஓட்டு.”

“இன்னும் ரெண்டு நாள் பழகினா...”

“பழகினது நான். கை பழகல்ல. ஓட்டாதீங்க எண்டு ஆக்கள் வந்து சொல்ல முந்தி நானே சொல்றன்.”

வேலையில் பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் அவர் இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டியிருப்பார். நான் சுற்றிப் போய் ஏறினேன், அவர் வாங்கில் அப்படியே இடப்பக்கம் நகர்ந்து கொடுத்தார்.

சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று நினைத்தவன் நான் மட்டும்தான். சவளக்கடையில் அந்தப் பெண் பையோடு வாசலில் நின்றாள். மிஸ்ஸி முதல் நாளே சொல்லிவிட்டிருக்கிறார். அவளுடைய மாப்பிள்ளை வேலிக்குப் பக்கத்தில் முகம் வெளிறி நின்றான். ஸ்டீயரிங் பக்கக் கதவைத் திறந்து நான் இறங்கியதும் அவன் என்னைப் பார்த்தான், பிறகு மிஸ்ஸியைப் பார்த்தான், ஓடிவந்து பின்கதவைத் திறந்து பிடித்தான். எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தான்.

பிள்ளை நாள் நிறைந்து சுகமாகப் பிறந்தது, பெண்பிள்ளை. மிஸ்ஸி பிரசவ அறைக்கு வெளியே மற்றவர்களைப் போல வாங்கில் இருந்து, தாதி வந்து சொல்லும்வரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். இதெல்லாம் அந்த மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கண்ணால் கண்டது அன்று திரும்பி வந்த பயணத்தை மட்டும்தான்.

தாம்போதியில் ஏறினோம். ஓரக்கண்ணால் பார்த்தேன். மிஸ்ஸி இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் ரோட்டில் இருந்தது. இக்கரைக்கு வந்து கடைத்தெரு தெரிந்ததும், “தாண்டிட்டம் மிஸ்ஸி. இனிக் கைய எடுங்க,” என்றேன்.

“பொறு மனே,” என்றார். “ஊட்டுக்கு இன்னும் ரெண்டு வளைவு இரிக்கி.”